கம்பு நேப்பியர்: உயரத்தைப் பார்க்காதீர்கள், தூரை நிறுத்துப் பாருங்கள்

கேள்வி: 50 சென்டில் கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் போட்டிருக்கிறேன். ஆறு கறவை மாடுகள். ஆடியில் புல் முற்றி வீணாகிறது, மார்கழியில் போதவில்லை. வயலில் எவ்வளவு தீவனம் நிற்கிறது என்று முன்கூட்டியே அறிய வழி உண்டா, ஐயா? (வாசகர், நாமக்கல் மாவட்டம்)

பதில்: உண்டு. ஒரு தொங்கு தராசும் நோட்டும் போதும். பலர் உயரத்தைப் பார்த்தே கணிக்கிறார்கள். ஆள் உயரம் நின்றாலும் தூர் கட்டாத, அதாவது அடியில் பல தண்டுகளாகக் கிளைத்துக் குத்தாக நிற்காத, புல்லில் எடை இருக்காது. சதுர மீட்டர் சட்டம் வைத்து அறுத்து நிறுப்பது கொழுக்கட்டைப் புல் பரவிய மேய்ச்சல் காட்டுக்குப் பொருந்தும். 60×50 செ.மீ. இடைவெளியில் நட்ட புல்லில், சட்டத்துக்குள் மூன்று தூர் விழுகிறதா நான்கா என்பதிலேயே கணக்கு புரண்டுவிடும்.

அதனால் தூரை எண்ணுங்கள். இந்த இடைவெளியில் 50 சென்டுக்குச் சுமார் 6,700 தூர்கள். செத்துப்போனவற்றைக் கழித்து 6,000 என்று வைப்போம். அறுப்புக்குச் சில நாள் முன்பு, ஓரத்து வரிசைகளை விட்டுவிட்டு, வயலின் குறுக்கே நடந்து இருபது தூர்களை அறுத்து நிறுங்கள். செழித்த தூராகப் பார்த்துக் கை போகும். அதற்கு இடம் கொடுக்காமல் பத்தடிக்கு ஒன்று என எடுங்கள். பனியோ மழையோ காய்ந்த பிறகு நிறுப்பது முக்கியம், ஈரம் பொய் எடை காட்டும்.

சராசரி 1.2 கிலோ என்றால் மொத்தம் 7,200 கிலோ. 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கும் சுற்றில் நாளொன்றுக்கு 160 கிலோ. மாட்டுக்கு 25 கிலோ வீதம் உங்கள் தேவை 150. தொட்டியில் மிஞ்சும் தண்டைக் கழித்தால் இழுத்துப்பிடித்துத்தான் போகும்.

மார்கழியில் அதே தூர் 800 கிராம்தான் வந்தால் நாளுக்கு 107 கிலோ. 43 கிலோ குறைகிறது. குளிரில் இந்தப் புல் மெதுவாகத்தான் வளரும், உரத்தைக் கூட்டி அதைச் சரிக்கட்ட முடியாது. ஆடி மிச்சத்தை முற்ற விடாமல் அறுத்து, நறுக்கி, காற்றுப் புகாமல் ஊறுகாய்ப்புல்லாக அழுத்தி வையுங்கள்.

வயலை ஒன்பது பாத்தியாகப் பிரித்து, ஐந்து நாளுக்கு ஒன்று அறுங்கள். ஒவ்வொரு அறுப்பிலும் தூர் எடையையும் தேதியையும் எழுதிவந்தால், அடுத்த மார்கழிப் பற்றாக்குறை ஐப்பசியிலேயே தெரிந்துவிடும்.