விலகிய தொழிலாளிக்கு ஈட்டிய விடுப்புப் பணம் கிடையாதா?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு நூற்பாலையில் 11 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 2025 ஜூலை 31-ஆம் தேதி நானாகவே விலகினேன். அந்த ஆண்டு தொடங்கும்போது என் பெயரில் பழைய பாக்கியாக 47 நாள் ஈட்டிய விடுப்பு இருந்தது. 2024-இல் 285 நாட்களும், 2025-இல் விலகும் வரை 172 நாட்களும் வேலைக்குச் சென்றிருக்கிறேன். இந்த இரண்டுக்கும் உரிய விடுப்பில் ஒரு நாளைக்கூட எடுக்கவில்லை. 30 நாளுக்கு மேற்பட்டது காலாவதியாகிவிட்டது என்றும், தானாக விலகியவருக்கு விடுப்புப் பணமே கிடையாது என்றும் நிர்வாகம் சொல்கிறது. கேட்டதற்காக, அடிப்படைச் சம்பளத்தில் 30 நாளுக்கு 12,000 ரூபாய் தருவதாகக் கூறுகிறார்கள். காலாவதியானதாகச் சொல்லும் 17 நாட்களில் 10 நாட்களை, தங்கை திருமணத்திற்காக ஒரு மாதம் முன்னதாகவே எழுதிக் கேட்டேன். 'வேலைப்பளு, அனுமதி இல்லை' என்று விண்ணப்பத்திலேயே எழுதித் திருப்பித் தந்தார்கள். மீதி 7 நாட்களை ஊர்த் திருவிழாவுக்காக வாய்மொழியாகக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

பதில்: தாங்கள் விலகியது 2025 நவம்பர் 21-க்கு முன்பு. அன்றுதான் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. எனவே தங்கள் உரிமையை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தைக் கொண்டே அளக்க வேண்டும். ஒரு சட்டம் பின்னர் நீக்கப்பட்டாலும், அது நடப்பில் இருந்தபோது ஒருவருக்குச் சேர்ந்துவிட்ட உரிமை அதனுடன் அழிந்துவிடுவதில்லை.

முதலில், தானாக விலகியவருக்குப் பணம் இல்லை என்ற வாதம் முற்றிலும் தவறானது. அச்சட்டத்தின் 79-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு, பணிநீக்கம், ஓய்வு, இறப்பு ஆகியவற்றோடு வேலையை விட்டு விலகுவதையும் வெளிப்படையாகச் சேர்த்தே சொல்கிறது. விலகியவருக்கு அடுத்த இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் விடுப்பு ஊதியத்தைத் தந்துவிட வேண்டும் என்று கெடுவும் விதிக்கிறது. வேலை செய்த நாட்களால் சேர்ந்த விடுப்பு என்பதால்தான் அதற்கு 'ஈட்டிய' விடுப்பு என்று பெயர்; அதை நிர்வாகத்தின் கருணைத் தொகை போல் பேசுவதை ஏற்கவே முடியாது.

அடுத்தது நாட்களின் கணக்கு. ஓர் ஆண்டில் 240 நாட்கள் வேலை செய்தவருக்கு, 20 நாட்களுக்கு ஒரு நாள் வீதம் மறு ஆண்டில் விடுப்பு உண்டு. 2024-இல் 285 நாட்கள் என்றால் 14 நாள் விடுப்பு. கால் நாள் பின்னம் விடப்படும். 2025-இல் தாங்கள் 240 நாட்களை எட்டவில்லை. ஆனால் இடையில் விலகுபவருக்கு அந்த நிபந்தனை பொருந்தாது என்று அதே 3-ஆம் உட்பிரிவு கூறுவதால், 172 நாட்களுக்கு 8.6 என்று வருவது, அரை நாளுக்கு மேற்பட்ட பின்னம் முழு நாளாகும் விதிப்படி 9 நாட்களாகிறது. இந்த 9 நாட்களைப் பல நிறுவனங்கள் கணக்கிலேயே காட்டுவதில்லை. தாங்கள் அதைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

பழைய பாக்கியில் 30 நாட்களுக்கு மேல் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல முடியாது என்று நிர்வாகம் சொல்வது பொது விதியளவில் சரியே. ஆனால் அவர்கள் சொல்லாமல் விட்ட விதிவிலக்கு ஒன்று 5-ஆம் உட்பிரிவிலேயே உள்ளது: முறைப்படி விண்ணப்பித்தும் மறுக்கப்பட்ட விடுப்பை எந்த உச்சவரம்பும் இல்லாமல் கொண்டுசெல்லலாம். முறைப்படி என்றால், விடுப்பு தொடங்குவதற்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் மேலாளருக்கு எழுத்து மூலம் விண்ணப்பிப்பது. தாங்கள் ஒரு மாதம் முன்னதாகவே எழுதிக் கேட்டு, மறுப்பையும் எழுத்தில் பெற்றிருப்பதால், அந்த 10 நாட்கள் காலாவதியாகவில்லை. திருவிழாவுக்காகக் கேட்ட 7 நாட்களைப் பற்றி எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. சட்டம் எழுத்து விண்ணப்பத்தைக் கேட்கும்போது வாய்மொழி வேண்டுகோள் இந்தப் பாதுகாப்பைப் பெறாது. ஆலையின் எழுதப்பட்ட பணி விதிகளான நிலையாணைகளிலோ தொழிற்சங்கம் செய்துகொண்ட ஒப்பந்தத்திலோ 30 நாட்களுக்கு மேல் சேர்த்துவைக்க இடமிருந்தால் மட்டுமே அவற்றையும் கோரலாம். சட்டத்தைவிடக் கூடுதலான சலுகையைத் தரும் ஒப்பந்தத்தை 78-ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. ஆகவே 30, 14, 9, 10 என 63 நாட்கள் தங்களுக்கு உறுதியாக உண்டு.

நாள் ஊதியத்திலும் தங்களைக் குறைத்திருக்கிறார்கள். 80-ஆம் பிரிவின்படி, முந்தைய மாதத்தில் உண்மையில் வேலை செய்த நாட்களுக்கான முழுநேர ஈட்டத்தின் சராசரியே விடுப்பு ஊதியம். அதில் அகவிலைப்படி சேரும். மிகைநேர ஊதியமும் போனஸும் மட்டுமே கழிக்கப்படும். ஜூலை மாதச் சம்பளச் சீட்டில், அவை இரண்டும் நீங்கலாக, 26 நாள் வேலைக்கு 19,500 ரூபாய் இருந்ததாக வைத்துக்கொண்டால், ஒரு நாளுக்கு 750 ரூபாய் வரும். 63 நாட்களுக்கு 47,250 ரூபாய். அவர்கள் தருவதாகச் சொல்லும் 12,000 ரூபாய்க்கும் இதற்கும் உள்ள தூரத்தைத் தாங்களே பார்க்கலாம். தங்கள் சீட்டில் உள்ள சரியான தொகையை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 12,000 ரூபாயை இப்போது வாங்க நேர்ந்தால், 'அனைத்துப் பாக்கிகளும் தீர்ந்தன' என்று அச்சிட்ட தாளில் அப்படியே கையெழுத்திடாதீர்கள். பகுதித் தொகையாக, மீதிக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்வதாகத் தங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். அத்தாளை நகலெடுக்க விடமாட்டார்கள் என்றால் பணத்தை வாங்காமல் இருப்பதே மேல்.

நாட்களையும் தொகையையும் தனித்தனியே காட்டி, மறுக்கப்பட்ட விண்ணப்பத்தின் நகலை இணைத்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் நிர்வாகத்துக்கு அறிவிப்பு அனுப்புங்கள். விண்ணப்பத்தின் மூலத்தை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம். தங்கள் வழக்கில் பத்து நாள் ஊதியம் அந்த ஒரு தாளில்தான் நிற்கிறது. பதினைந்து நாட்களில் பணம் வராவிட்டால், தொழிலாளர் துறை அலுவலகத்தில் தொகையை வசூலித்துத் தருமாறு மனு அளிக்கலாம். இத்தகைய மனுவுக்கு, புதிய தொகுப்புகளில் ஒன்றான தொழில் உறவுகள் தொகுப்பு, பணம் நிலுவையான நாளிலிருந்து ஓராண்டுக் கெடு வைத்திருக்கிறது. தக்க காரணம் காட்டினால் தாமதம் மன்னிக்கப்படலாம் என்றாலும், அதை நம்பிக் காத்திருக்காமல் 2026 ஜூலை முடிவதற்குள் மனுவைக் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு. வழக்கறிஞர் கட்டணம் தடையாக இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டுச் சட்டமே தந்திருக்கிறது.

தங்களுடன் வேலை பார்த்து, இன்னும் அதே ஆலையில் இருப்பவர்களிடம் ஒரு மாற்றத்தைத் தெரிவியுங்கள். தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள, பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைகள் பற்றிய புதிய தொகுப்பின்படி 240 நாட்களுக்குப் பதிலாக 180 நாட்கள் வேலை செய்தாலே விடுப்புக்குத் தகுதி வந்துவிடும். 30 நாட்களுக்கு மேல் சேர்ந்த விடுப்பைக் காலாவதியாக விடாமல் பணமாகக் கேட்டுப் பெறவும் அது வழி செய்கிறது. விடுப்பு வேண்டுமென்றாலும் பணம் வேண்டுமென்றாலும் அவர்கள் எழுதிக் கேட்டு, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.