காட்டர் பின் மாற்றியதும் பெடல்கள் நேர்கோட்டில் இல்லை

ஒரு காட்டர் பின், அதாவது கிராங்கை (பெடலைத் தாங்கும் கையை) நடு அச்சோடு பிணைக்கும் ஆப்பு, திசை மாறி ஏறியிருக்கிறது. பழைய ராலே சைக்கிளில் புதுப் பின் போட்டதிலிருந்து ஒரு பெடல் பின்தங்கி நிற்கிறது என்கிறீர்கள். கிராங்க் வளைந்திருக்குமோ என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் இதுதான் காரணம்.

கிராங்க் இரண்டையும் தரைக்கு இணையாக நிறுத்துங்கள். ஒரு பக்க நட்டு மேலே பார்த்தால் மறுபக்க நட்டு கீழே பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் ஒன்றைக் கழற்றித் திருப்பிப் போடுங்கள்.

அப்படியும் சரியாகவில்லையா? பின்களை அருகருகே வைத்துச் சாய்வான முகத்தை ஒப்பிடுங்கள். உதிரியாக வாங்கியவற்றில் சாய்வு கொஞ்சம் மாறினாலே பெடல் கோணிவிடும். ராலேக்கு 9.5 மி.மீ. பின், ஜோடியாகவே வாங்குங்கள்.

அப்புறம், சுத்தியலால் அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் ஓர் இரும்புக் குழாயைத் தரையில் ஊன்றி முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடி முழுவதும் அச்சைச் சுற்றியுள்ள பால்ஸில் (இரும்புக் குண்டுகளில்) இறங்கி, அவை உருளும் கப்பில் குழி விழும். அந்தக் காலத்துக் கப் நல்ல நிலையில் கிடைப்பது கஷ்டம். நட்டை முறுக்கியே பின்னை இழுக்காதீர்கள், மரை போய்விடும். 20, 30 கி.மீ. ஓட்டியதும் மறுபடி ஒரு தட்டுத் தட்டி நட்டை இறுக்குங்கள்.