ரேடியேட்டர் மாற்றினேன், கியர் தயங்குகிறது!

கேள்வி: என்னிடம் 2009 கரோலா ஆல்டிஸ் ஆட்டோமேட்டிக் இருக்கிறது. ரேடியேட்டர் ஒழுகியதால் வெளிப் பட்டறையில் கொடுத்து மாற்றினேன். மூன்றாம் நாளே வண்டிக்கு அடியில் சிவப்பாகச் சொட்டுகிறது. ‘டி’யில் போட்டால் ஓரிரு நொடி தயங்கித்தான் நகர்கிறது. கேட்டால், “ரேடியேட்டருக்கும் கியருக்கும் என்ன சார் சம்பந்தம்? பழைய வண்டி, கியர்பாக்ஸ் போயிருக்கும்” என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?
- கோவை வாசகர்

பதில்: சம்பந்தம் இருக்கிறது. வண்டியை இனி ஓட்டாதீர்கள். எண்ணெய் குறைந்த ஆட்டோமேட்டிக்கை ஓட்டினால் உள்ளே கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகும். அதன்பின் மெக்கானிக் சொன்னது உண்மையாகிவிடும்.

உங்கள் காரின் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் சின்னக் குழாய் இருக்கிறது. சூடான எண்ணெய் ஒரு ஹோஸ் வழியாக வந்து, மற்றொன்று வழியாகத் திரும்பும். இந்த இரண்டையும் கழற்றாமல் ரேடியேட்டரை இறக்க முடியாது. கழற்றினால் எண்ணெய் கொட்டும். பழைய ரேடியேட்டருக்குள் தங்கியதும் அதோடு போய்விடும். கொட்டியதை ஒரு தட்டில் பிடித்து, எவ்வளவு போனது என்று பார்த்து, அதே வகை எண்ணெயை ஈடு செய்திருக்க வேண்டும். அப்படிச் செய்தாரா என்பதற்கு உங்கள் ரசீதே சாட்சி. அதில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இருந்து கியர்பாக்ஸ் எண்ணெய் இல்லையென்றால், பெரும்பாலும் ஊற்றவே இல்லை.

சொட்டுவது எது என்று முதலில் பாருங்கள். டொயோட்டா கூலன்டும் சிவப்பு அல்லது இளஞ்சிவப்புதான், அதனால் நிறத்தை வைத்து முடிவுகட்ட வேண்டாம். விரலில் தேய்த்தால் எண்ணெய் வழுவழுவென்று ஒட்டும், கூலன்ட் தண்ணீர்போல் ஓடும். எண்ணெய்தான் என்றால், அந்த இரண்டு ஹோஸ் முனைகளையும் துடைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே சற்று நேரம் இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இறுகிப்போன பழைய ரப்பரைத் திருகிப் பிடுங்கி, தளர்ந்த அதே கிளிப்பைத் திரும்ப மாட்டியிருந்தால் அங்கேதான் கசியும். புது ஹோஸ் போடுவதானால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்க்கென்றே வரும் ஹோஸ் வேண்டும். தண்ணீர் ஹோஸ் சூடான எண்ணெயில் ஊறி உப்பிவிடும். (இரும்புக் குழாயும் நட்டும் உள்ள கார்களில் ரேடியேட்டர் பக்கத்தை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டே நட்டைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் புது ரேடியேட்டரின் முனையே முறுக்கிக்கொள்ளும்.)

இன்ஜின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியையும் திறந்து பாருங்கள். உள்ளே ரோஸ்மில்க்போல் இருந்தால் எண்ணெயும் கூலன்டும் கலந்துவிட்டன. அது வேறு கதை, பெரிய செலவு. கிரேனில்தான் வண்டியை எடுக்க வேண்டும். அப்படிக் கலக்கவில்லை என்றால், கையேட்டில் சொன்ன எண்ணெயை, அதில் சொன்ன முறைப்படி அளந்து நிரப்பினாலே தயக்கம் நீங்க வாய்ப்பு அதிகம். கையால் கியர் மாற்றும் வண்டிகளுக்கான சாதாரண ‘90’ கியர் ஆயிலை மட்டும் யாரையும் ஊற்ற விடாதீர்கள்.

கியர்பாக்ஸைத் திறக்கும் முன் இன்னொரு பட்டறையில் காட்டி, கசியும் இடத்தின் படத்தோடு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். திறந்தபின் எது யார் தவறு என்று காட்டுவது கடினம். பழைய மெக்கானிக் சரிசெய்ய மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. ரசீதே தரவில்லை என்றால், பணம் அனுப்பிய யுபிஐ பதிவையும் அவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.