பந்தைத்தான் தொட்டார், பிறகு ஏன் சிவப்பு அட்டை?

கேள்வி: கால்பந்தில் எங்கள் டிஃபென்டர் சறுக்கிப் போய் முதலில் பந்தைத்தான் தொட்டார். ஆனாலும் நேரடியாகச் சிவப்பு அட்டை. அதே ஆட்டத்தில் எதிரணிக்காரர் ஒருவர் காலை இடறிவிட்டதற்கு வெறும் ஃப்ரீ கிக்தான். நடுவர் எதை வைத்து முடிவு செய்கிறார்?

பதில்: பந்தை முதலில் தொட்டால் குற்றமில்லை என்று விதிப்புத்தகத்தில் எங்கும் கிடையாது. ‘வேண்டுமென்று செய்யவில்லை’ என்ற வாதமும் இங்கே எடுபடாது. நடுவர் எடைபோடுவது மனதில் இருந்ததை அல்ல, கால் போன விதத்தை.

12ஆம் விதி இதை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. கவனக்குறைவாகக் கால் வைத்தால் ஃபவுல் மட்டும், அட்டை இல்லை. நீங்கள் பார்த்த இடறல் இந்த வகையாக இருக்கலாம். எதிராளிக்கு என்ன ஆகும் என்று பொருட்படுத்தாமல் பாய்ந்தால் மஞ்சள். அளவுக்கு மீறிய பலத்தைக் காட்டினாலோ, எதிராளிக்குக் காயம் ஏற்படும் அபாயத்தை உண்டாக்கினாலோ சிவப்பு.

சிரமமெல்லாம் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்தான். அங்கே நடுவரின் கண் முதலில் போவது பூட்ஸ் பட்ட இடத்துக்கு. பாதத்தின் மேல் உரசியதா, கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் இறங்கியதா? அடுத்து முழங்கால். அது மடங்கியிருந்தால் மோதும்போது கால் விட்டுக்கொடுக்கும், வேகம் குறையும். விறைப்பாக நீட்டிய காலில், அடிப்பக்கக் குமிழ்கள் எதிராளியைப் பார்த்திருக்க, உடம்பின் மொத்த எடையும் அந்த ஒரு புள்ளியில் போய் இறங்கும். தரையில் ஊன்றிய காலில் அது பட்டால் அந்தக் கால் விலக வழியே இல்லை. எலும்பு முறிவது இப்படித்தான். இரண்டு கால்களும் தரையைவிட்டு எழும்பிவிட்டால், பாய்ந்தவரே நினைத்தாலும் நிறுத்த முடியாது. உங்கள் டிஃபென்டர் பந்தைத் தொட்ட பிறகும் கால் தாழாமல் மேலேறிப் போய்த் தாக்கியிருந்தால், என் கணிப்பில் அந்தச் சிவப்பு சரியானதே.

நடுவர் நிற்கும் இடமும் முக்கியம். 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் நெதர்லாந்து வீரர் டி யோங்கின் பூட்ஸ் ஸ்பெயின் வீரர் ஷாபி அலோன்சோவின் நெஞ்சில் பதிந்தது. பார்வை மறைக்கப்பட்டிருந்ததால் நடுவர் ஹோவர்ட் வெப் மஞ்சளோடு விட்டார். அது சிவப்புக்குரியது என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார்.

மோதல் மென்மையாக இருந்தும் அட்டை வருவதுண்டு. நல்ல தாக்குதலை முறித்தால் மஞ்சள். தெளிவான கோல் வாய்ப்பைக் கெடுத்தால் சிவப்பு. கோலுக்கு எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தத் திசையில் போகிறது, பந்து கோலடிக்கப் போனவர் வசப்படுமா, மற்ற டிஃபென்டர்கள் எங்கே என்ற நான்கையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பெனால்டி பகுதிக்குள் பந்துக்காக உண்மையாக முயன்று தவறினால் பெனால்டியோடு ஒரு படி இறங்கும்: சிவப்பு மஞ்சளாகும், மஞ்சள் இல்லாமலே போகும். சட்டையைப் பிடித்து இழுத்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

உங்கள் ஆட்டத்தின் வீடியோ இருந்தால் இருமுறை பாருங்கள். பூட்ஸ் எங்கே பட்டது என்று அறிய மெதுவாக ஓட்டுங்கள். எவ்வளவு பலம் என்று அறிய இயல்பான வேகத்தில் மட்டுமே பாருங்கள். மெதுவாக ஓட்டினால் மோதலின் உண்மையான வேகம் பிடிபடாது. வீடியோ உதவி நடுவர்களும் இந்த முறையைத்தான் பின்பற்றுகிறார்கள்.