ஐபிஎன் எவாலுவேஷனுக்கு போகச் சொல்றாங்க, போகலாமா?

சிஸ்டர், டியூஐ கேஸுக்காக, அதாவது குடிச்சிட்டு வண்டி ஓட்டுன கேஸுக்காக, ஃபுளோரிடால நர்ஸுகளோட குடி, போதைப் பிரச்னையைப் பாக்கற ஐபிஎன் (இன்டர்வென்ஷன் ப்ராஜெக்ட் ஃபார் நர்ஸஸ்) எவாலுவேஷனுக்கு போகச் சொல்றாங்க, எனக்குத்தான் குடிப்பழக்கமே இல்லையே, போகணுமான்னு கேட்டிருக்கீங்க. பதறாதீங்க, 1983லேந்து நடக்கற ப்ரோக்ராம் அது, லைசென்ஸைப் புடுங்கறதுக்குன்னு வச்சதில்ல. ஆனா சும்மா ஃபார்மாலிட்டின்னு நெனச்சு தனியா போய் உக்காந்து மனசுல இருக்கறதெல்லாம் கொட்டிராதீங்க, சொல்றதெல்லாம் ரிப்போர்ட்ல ஏறும். அதனால முதல்ல நர்ஸிங் லைசென்ஸ் கேஸ் பாக்கற வக்கீலைப் பாருங்க, உங்க டியூஐ வக்கீலுக்கு இது தெரிஞ்சிருக்கணும்னு இல்ல.

மானிட்டரிங்னு வந்துட்டா அது வருஷக்கணக்கு, தினமும் செக்-இன் பண்ணணும், எப்ப கூப்பிட்டாலும் யூரின் குடுக்கணும். இதுல யூரின்ல ஆல்கஹால் தடயத்தைத் தேடற ஈடிஜி டெஸ்ட்தான் படுத்தும், ரெண்டு மூணு நாள் முன்னாடி உள்ள போன ஆல்கஹாலைக் கூட காட்டிக் குடுத்துரும், மவுத்வாஷ், இருமல் சிரப், ஏன் வார்டுல நாம ஷிஃப்ட் முழுக்க தேய்க்கற சானிடைசர்னால கூட பாஸிடிவ் வரலாம். 2006லயே சாம்சா, அதான் போதை, மனநல விஷயங்களைப் பாக்கற அமெரிக்க அரசு ஏஜென்சி, இந்த ஒரு டெஸ்டை மட்டும் வச்சு யார் மேலயும் ஆக்‌ஷன் எடுக்காதீங்கன்னு எச்சரிச்சிருக்கு, வக்கீல் கிட்ட அதையும் சொல்லி வைங்க. கசகசா போட்டது எதுவும் சாப்பிடாதீங்க, யூரின் டெஸ்ட்ல ஓபியம் வகை போதைப்பொருள் மாதிரி காட்டிரலாம். பயத்துல பாட்டில் பாட்டிலா தண்ணி குடிச்சிட்டும் போகாதீங்க, யூரின் ரொம்ப தண்ணியா இருக்கு, டைல்யூட்னு ரிசல்ட் வந்தா அது தனி தலைவலி.

எவாலுவேஷனுக்கு வரச் சொல்லி வந்த லெட்டர்ல எத்தனாம் தேதிக்குள்ள பதில் சொல்லச் சொல்லிருக்காங்க?