பூனை வேட்டையாடும் வீட்டில் எலி மருந்து வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் வசிப்பது மிகப் பழைய வீடு. சுவர்களிலும் பரணிலும் சுண்டெலிகள் பெருகிவிட்டன. எங்கள் இரண்டு பூனைகளும் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் இரவெல்லாம் வேட்டையாடி, பிடித்த எலியைப் படுக்கையறைக்குக் கொண்டுவருகின்றன. சில நாட்களில் உயிருடனேயே விட்டுவிடுகின்றன. இத்தனை பிடித்தும் எலிகள் குறையவில்லை. பரணில் மட்டும் எலி மருந்து வைக்கலாமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, தயவுசெய்து வைக்காதீர்கள். பரணில் வைக்கும் மருந்து பரணோடு நிற்காது. புரோமடியோலோன், புரோடிஃபாகம் போன்ற எலி மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சுகள். அவற்றைத் தின்ற எலி உடனே சாகாமல் சில நாட்கள் தளர்ந்து தடுமாறி நடமாடும், அந்த நிலையில் உள்ள எலிதான் பூனையிடம் எளிதில் சிக்கும். எலியின் ஈரலில் தங்கிய நஞ்சு, அதைத் தின்னும் பூனையின் உடலிலும் சேரும். சோர்வு, ஈறு வெளுத்தல், மூச்சுத் திணறல் ஆகியவை வெளியே தெரியவே 3 முதல் 5 நாட்கள் ஆகலாம் என்பதால், சந்தேகம் எழுந்த உடனேயே, மருந்தின் உறை கிடைத்தால் அதையும் எடுத்துக்கொண்டு, கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற முடியும். ஆனால் சிகிச்சை பல வாரங்கள் நீளும்.

எலிகள் குறையாததற்குப் பூனைகளைக் குறை சொல்ல முடியாது. சுண்டெலியின் கர்ப்பகாலம் சுமார் 3 வாரங்கள்தான்; ஓர் ஈற்றில் 5 முதல் 8 குட்டிகள் பிறந்து, அவையும் ஏறத்தாழ 6 வாரங்களில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுகின்றன. சுவருக்குள் இருக்கும் வளைக்குப் பூனையால் போக முடியாது. ஆகவே அடைக்க வேண்டியது வழியைத்தான். 6 மில்லிமீட்டர் இடைவெளியே சுண்டெலிக்குப் போதும் என்பதால், புழுக்கையும் சுவரோரத்தில் கருத்த எண்ணெய்ப் படிவும் தென்படும் இடங்களை விளக்கு வெளிச்சத்தில் பொறுமையாகத் தேடி, பாத்திரம் துலக்கும் எஃகுக் கம்பிச் சுருளைத் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள். ரப்பரையும் மரத்தையும் கடித்துவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: இரவில் தட்டில் மிஞ்சும் பூனை உணவே பல வீடுகளில் எலிகளுக்கு விருந்தாக அமைந்துவிடுகிறது.

பசியும் வேட்டை உந்துதலும் பூனைக்கு வெவ்வேறானவை. இரையை நமக்குப் பரிசாகத் தருகிறது என்று பலரும் மகிழ்வதுண்டு. தனக்குப் பாதுகாப்பான இடத்துக்கு அதை எடுத்து வருகிறது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எனவே திட்டாதீர்கள், எதற்காகத் திட்டுகிறீர்கள் என்பது அதற்குப் புரியாது. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சி மிகுந்த உணவு கொடுத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதமும், தினமும் 5 முதல் 10 நிமிடங்கள் விளையாட்டுக் காட்டிய பூனைகளிடம் 25 சதவீதமும் குறைந்தன. உறங்குவதற்கு முன் சிறிது நேரம் விளையாட்டுக் காட்டிவிட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்திவிடுங்கள். உயிருள்ள எலி உள்ளே வந்துவிட்டால் வெறுங்கையால் தொடாமல், கையுறை அணிந்து, உயரமான டப்பாவால் கவிழ்த்து மூடி, அடியில் தடித்த அட்டையைச் செருகி எடுங்கள்.

கேள்வி: எலி தின்னும் பூனையால் கர்ப்பிணிக்கு ஆபத்து உண்டா?

பதில்: எலியைத் தின்னும் பூனைக்கு டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றக்கூடும்; அது பூனையின் மலத்தில் வெளியேறி, 1 முதல் 5 நாட்களுக்குப் பிறகே தொற்றும் தன்மையை அடையும். ஆகவே பூனையின் மலத் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும், அந்த வேலையைக் கர்ப்பிணி அல்லாத ஒருவர் செய்ய வேண்டும். பூனையை வீட்டைவிட்டு அனுப்பத் தேவையில்லை. எலியிலிருந்து நாடாப்புழுவும் வருவதால், வேட்டையாடும் பூனைக்குக் குடற்புழு மருந்தை எவ்வளவு இடைவெளியில் கொடுப்பது என்பதையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.