உதடு மறந்த ட்ரம்பெட்

கேள்வி: 20 வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் சர்ச் பேண்டில் ட்ரம்பெட் ஊதினேன். இப்போது மறுபடி எடுத்தால் 10 நிமிஷத்தில் உதடு தளர்ந்துவிடுகிறது, மேல் சுரங்களும் வரவில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: விரல் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கும், உதட்டைச் சுற்றியுள்ள தசைதான் மறந்துவிடும். ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் ஊதாமல், 10 நிமிஷமாக நாளுக்கு மூன்று தடவை ஊதுங்கள், ஊதின நேரம் அளவுக்கு ஓய்வும் கொடுங்கள். நடு ஸ்தாயியில் நீண்ட சுரங்களைச் சத்தம் குறைத்துப் பிடியுங்கள். அப்புறம் விரலால் அழுத்துகிற வால்வை மாற்றாமல், உதட்டாலும் காற்றாலும் மட்டுமே ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போய்ப் பழகுங்கள். மேல் சுரம் வராதபோது மவுத்பீஸை உதட்டில் வைத்து அழுத்தத் தோன்றும், எல்லோரும் செய்கிற தப்புதான் இது, ஆனால் அழுத்த அழுத்த ரத்த ஓட்டம் குறைந்து உதடு அதிராமல் சீக்கிரம் களைத்துப்போகும். அதற்குப் பதில் 'ஈ' சொல்வதுபோல நாக்கைச் சற்று உயர்த்திக் காற்றை வேகமாக விடுங்கள். உதடு வீங்கினால் அன்றைக்குப் பெட்டியை மூடிவிடுங்கள்.

சரி, கருவியைப் பார்த்தீர்களா? இத்தனை வருஷம் உங்கள் கடற்கரை உப்புக்காற்றில் கிடந்த வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துடைத்து, வால்வு எண்ணெய் விடுங்கள். கொதிக்கிற வெந்நீர் வேண்டாம், மேல்பூச்சு உரிந்துவிடும்.